வண்டு நடக்காத மணல்

மணலைப் பெருக்குவது சுலபமான வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஐயா. நீங்களும் அப்படி நினைத்ததால்தான் விசாரிக்க வந்த முதல் நாள் என்னை விட்டுவிட்டு, பாவம், சமையல்காரரைப் பிடித்து உட்காரவைத்து மூன்று மணி நேரம் குடைந்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. மான் தொடை காணாமல் போனது அவருடைய குளிர் அறையிலிருந்துதானே. துடைப்பம் பிடிக்கிறவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்.

துடைப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க வேண்டும். முன்னோக்கி நடந்தால் பெருக்கிய இடத்தில் நம் காலே பதிந்துவிடும். வனவிலங்குக் காப்பகத்துக்குள் இருக்கும் லெரோலே லாட்ஜில் ஒன்பது குடில்கள், சாப்பாட்டுக்கூடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மணல் பாதை. சாயங்காலம் விருந்தாளிகள் மணல்மேட்டில் கோப்பையும் கையுமாக நின்று சூரியன் இறங்குவதைப் பார்க்கும் நேரத்தில், நான் அத்தனை பாதையையும் பெருக்கி முடித்திருப்பேன். விடிகாலையில் போய் அந்த மணலைப் படிப்பேன். ராத்திரி சிங்கமோ நரியோ யார் வந்தார்கள், வந்தவர் திரும்பிப் போனாரா, இல்லை இன்னும் புதருக்குள்தான் படுத்திருக்கிறாரா, எல்லாம் அதில் இருக்கும். படித்து முடித்து, கையிலிருக்கும் பேசும் ரேடியோவில் ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். சுத்தம். அதற்கப்புறம்தான் யாரும் அந்த மணலில் கால் வைக்கலாம். அதுவரை விருந்தாளியானாலும் சரி, மேலாளரானாலும் சரி, கதவுக்கு உள்ளேதான். பன்னிரண்டு வருஷமாக அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான்.

லெரோலே என்றால் எங்கள் பாஷையில் தூசி. விருந்தாளிகள் அதை நாக்கில் உருட்டி, என்ன அழகான பெயர் என்பார்கள். பணியாளர் வீடுகளையும் சமையலறையையும் சுற்றி மின்வேலி உண்டு. குடில்களுக்கு வேலி கிடையாது. வேலி இல்லாத இடத்தில் தூங்கிப் பார்ப்பதற்குத்தானே அவர்கள் அவ்வளவு தூரம் பறந்து வருகிறார்கள்.

என் மனைவி ஒனலென்னாவுக்கு அங்கே குடில்களைக் கவனிக்கும் வேலை. படுக்கை விரிப்பது, குளியல் தொட்டி தேய்ப்பது, விடிந்ததும் விருந்தாளியை எழுப்புவதற்குத் தட்டு கொண்டுபோவது. தட்டு என்றால் ஒரு குடுவை காபி, இரண்டு கோப்பை, அப்படியே கடித்தால் பல் ஆடிப்போகிற ரஸ்க். காபியில் தோய்த்துத்தான் தின்ன வேண்டும் என்று அவள் ஒவ்வொருவருக்கும் செய்து காட்டுவாள். வாய் ஓயாதவள். ஊரெல்லாம் என்னைச் செயாபெலோ என்று கூப்பிட்டால் அவள் மட்டும் மண்ணு மூஞ்சி என்பாள், நான் எந்நேரமும் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேனாம். பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தினோம். பிள்ளை இல்லை. அதை அவள் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் ஜூலைதான் குளிர்காலம். போன ஜூலையில் ஒரு நாள் காலை, வாளித் தண்ணீர் உறைந்து கிடந்த குளிர். ஒன்பதாம் குடிலுக்குத் தட்டு எடுத்துப் போனவளைப் பாதை வளைகிற இடத்தில் சிங்கம் அடித்தது. பெண் சிங்கம், வயதானது. லாட்ஜின் படப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருப்பதே அதுதான். விருந்தாளிகள் டச்சஸ், அதாவது சீமாட்டி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இடது முன்காலில் ஒரு விரல் இல்லை. அதன் தடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் நான் சொல்லிவிடுவேன்.

தட்டு கவிழவில்லை, ஐயா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குடுவை நின்றபடி இருந்தது. ரஸ்க்கின் மேல் போட்ட துணி விலகவில்லை. பாதையின் ஓரத்தில் அதை மணலில் நேராக வைத்திருந்தாள். சிங்கத்தைப் பார்த்ததும் முதலில் தட்டைக் கீழே வைத்திருக்கிறாள், அப்புறம்தான் ஓடியிருக்கிறாள். ஓடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

விசாரணை ஆறு வாரம் நடந்தது. வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மேலாளர் வெர்மாக் அம்மா நடுவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். அன்று காலை ரேடியோவில் சுத்தம் என்று அறிவித்தாயா? அறிவிக்கவில்லை என்றேன். அது உண்மை. சமையல்காரரும் ரேடியோவில் ஒன்றும் வரவில்லை, அவளாகவே வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள் என்றார். வழிகாட்டி ருவானும் அதையே சொன்னான். ருவான்தான் விருந்தாளிகளை மிருகம் பார்க்கக் கூட்டிப்போகும் காலை வண்டியை ஓட்டுபவன், துப்பாக்கியும் அவனிடம்தான் இருக்கும். வண்டியின் மூக்கில் வைத்திருக்கும் இருக்கையில் உட்கார்ந்து நான் தடம் பார்த்துக் கையைக் காட்ட, அவன் ஓட்டுவான்.

பணியாளர் விதியை மீறிப் போயிருக்கிறார், மிருகம் மிருகமாகத்தான் நடந்திருக்கிறது, சுட வேண்டியதில்லை என்று முடித்துவிட்டார்கள். வெர்மாக் அம்மா என் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார்.

"சுத்தம்னு சொன்னப்புறம் இது நடந்திருந்தா வேற விஷயம், செயாபெலோ. அறிவிச்ச பாதையில ஆளை அடிக்கிற சிங்கத்தை ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டோம். ஒனலென்னா அவசரப்பட்டுட்டா. அதுக்கு அந்த வாயில்லா ஜீவன் என்ன பண்ணும்?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. நல்ல மனுஷிதான். நான் அவர் சொன்னதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டேன். பாதை அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவித்த பாதையில் ஒருவர் செத்தால் அந்தச் சிங்கம் சாகும். விதி அவ்வளவுதான், அதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

ஒனலென்னாவின் தம்பி டிரோவும் அங்கே தடம் பார்ப்பவன்தான். சாயங்கால வண்டி அவனுடையது. அவனுக்குத் தடம் படிக்கக் கற்றுக்கொடுத்தது நான், சோறு போட்டு ஆளாக்கியது அவள். அக்கா என்றால் அவனுக்கு உயிர். அடக்கம் முடிந்து, வாசலில் வைத்த தண்ணீரில் எல்லோரும் கை கழுவி, மாட்டுக்கறியும் சோளக்களியும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ருவானின் துப்பாக்கிப் பெட்டிச் சாவி எங்கே தொங்குகிறதென்று தனக்குத் தெரியும் என்றான். தானே முடித்துவிடுவதாகவும், ஜெயிலுக்குப் போனால் போகட்டும் என்றும் சொன்னான். நான் தடுத்தேன். நீ சும்மா இரு, அது சாகும், அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். யோசித்துப் பாருங்கள், அவனுக்கு முப்பது வயசு, நடக்கப் பழகுகிற பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. காப்பகத்துச் சிங்கத்தைச் சுட்டால் எத்தனை வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நான் செய்த காரியத்தில் அவனைக் காப்பாற்றியதும் அடக்கம். அதை மட்டும் யாரும் எழுதிக்கொள்வதில்லை.

வேலைக்குத் திரும்பினேன். அதற்குள் விஷயம் எப்படியோ வெளியே போயிருந்தது. வண்டியில் ஏறியதும் விருந்தாளிகள் ருவானிடம் குரலைத் தாழ்த்தி, அந்தச் சிங்கத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிங்கம். பெயரைக்கூடச் சொல்வதில்லை. முதல் நாள் ருவான் வண்டியை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் என்னிடம் வந்தான்.

"வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லுண்ணே. தடம் கெடைக்கலைன்னு சொல்லிக்கலாம். அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடம் இருக்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது தொழிலுக்குச் செய்கிற துரோகம். கண்டுபிடித்துக் கொண்டுபோய் நாலு மீட்டரில் நிறுத்தினேன். வண்டியின் மூக்கில் இருக்கிற எனக்கும் அதற்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. காமிராக்கள் படபடவென்று அடித்தன. அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. கோரைப் பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அதே போல முப்பத்தொரு தடவை காட்டியிருக்கிறேன். ஒரு நாள் ஒரு விருந்தாளி, மரியாதையான ஆள்தான், இறங்கும்போது என் தோளைத் தட்டி இன்றைக்கு அமோகம் என்றார். நன்றி என்றேன்.

செப்டம்பரில் லிண்ட்ஹோல்ம் அம்மா வந்தார். அவரைப் பற்றி உங்கள் காகிதத்தில் விருந்தாளி, பெண், எழுபத்து நான்கு வயது, டென்மார்க் என்று மட்டும் போட்டிருக்கிறது. பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு வருஷா வருஷம் தனியாக வருவார், ஒன்பதாம் குடில்தான் வேண்டும் என்பார். இது எட்டாவது வருஷம். என் பெயரைப் பிசகாமல் சொல்கிற ஒரே விருந்தாளி அவர்தான். ஒருமுறை ஒனலென்னாவுக்குக் கடைவாய் வீங்கிக் காய்ச்சலே வந்துவிட்டது. சாப்பாட்டுக்கூடத்து நாற்காலியிலேயே அவளை உட்காரவைத்து, என்னை டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி வாய்க்குள் பார்த்து, தன் பையிலிருந்த மருந்தைக் கொடுத்து மூன்று நாளில் சரிசெய்தார். இந்தத் தடவை விமானத்தை விட்டு இறங்கியதும் அவளைத்தான் தேடினார். யாரும் அவருக்கு எழுதியிருக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார். விருந்தாளிகள் பணியாளர் பகுதிக்கு வரக் கூடாது என்பது விதி. வெர்மாக் அம்மா தடுத்தும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது மட்டும் பேசினார்.

"வண்டியில எல்லாரும் அதைப் பாக்கணும்னு கேக்கறாங்களாமே. நான் வர்ற அன்னைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்னு ருவான்கிட்ட சொல்லிட்டேன், செயாபெலோ. எனக்கு அது வேண்டாம்."

அவரைப் பிடிக்காமல்தான் செய்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் என்று பார்த்தால் அந்த வாரம் லாட்ஜில் நாலு பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களெல்லாம் சுத்தம் என்று அறிவித்த பிறகும் ருவான் வந்து கூட்டிக்கொண்டு போனால்தான் வெளியே வருவார்கள். லிண்ட்ஹோல்ம் அம்மா மட்டும்தான் குடிலில் வைத்திருக்கும் சின்ன ரேடியோவில் என் குரல் கேட்டதும் கைத்தடியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புபவர். செயாபெலோ சொன்னால் போதும், எனக்கு வேறு துணை எதற்கு என்பார். எட்டு வருஷமும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், இங்கேயே செத்துப்போனாலும் எனக்குச் சந்தோஷம்தான் என்று சொல்வார். எல்லா விருந்தாளியும் சொல்வதுதான். மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள், அவர் மனதாரச் சொன்னார். நான் அதை யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

ஏற்பாடு ஒன்றும் பெரிதில்லை. குளிர் அறையிலிருந்து ஒரு மான் தொடையை எடுத்தேன். சாயங்காலம் பெருக்கப் போகும்போது சாக்கில் சுற்றிக் கொண்டுபோய், பாதை வளைகிற இடத்தில் இருக்கும் தாழ்ந்த மரத்தின் அடியில், கிளைகளுக்கு உள்ளே தள்ளிவைத்தேன். வாயில் கவ்வி எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகக் கம்பியால் அடிமரத்தோடு கட்டினேன். வயதான சிங்கம், பல் போனது, வேட்டைக்கு வலு இல்லாதது. கிடைத்த கறியை விட்டு அது நகராது. கறிக்கும் அதற்கும் நடுவில் யார் வந்தாலும் சும்மா விடாது.

முதல் இரண்டு நாள் நரிதான் வந்து பிய்த்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள் இது வந்திருந்தது, ஆனால் விடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டது. அந்த மூன்று நாளும் நான் பாதையை ஒழுங்காகப் படித்து, வளைவுக்கு அந்தப் பக்கமும் நடந்து பார்த்து, நிச்சயமான பிறகுதான் அறிவித்தேன். என் வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

நாலாம் நாள் விடிகாலையில் போனபோது உள்ளே போன தடம் இருந்தது, வெளியே வந்த தடம் இல்லை. இடது முன்காலில் விரல் இல்லாத தடம். அசையாமல் நின்று கேட்டேன். கிளைக்குள் எலும்பு நொறுங்கும் சத்தம். அப்படியே பின்பக்கமாக நடந்து, அதன் கால் பட்ட இடமெல்லாம் துடைப்பத்தால் அழித்தேன். ஒரு இருபது அடி இருக்கும். சாப்பாட்டுக்கூடத்துப் பக்கம் திரும்பி வந்து, ரேடியோவை அழுத்திச் சுத்தம் என்றேன்.

லிண்ட்ஹோல்ம் அம்மா ரேடியோவில் பதில் சொல்வார். மற்ற விருந்தாளிகள் யாரும் சொல்வதில்லை. அன்றைக்கும் நன்றி, காலை வணக்கம் என்றார். குரலில் இன்னும் தூக்கம் இருந்தது.

நான் வண்டிக்குப் போய் என் இருக்கையைத் துடைக்க ஆரம்பித்தேன். காலையில் அதில் பனி ஈரம் படிந்திருக்கும், துடைக்காமல் உட்கார்ந்தால் கால்சட்டை நனைந்துவிடும். ரொம்ப நேரம் ஆகவில்லை. அவர் அலறவில்லை, ஐயா. அதை அவருடைய மகனுக்கு நீங்கள் தெரிவிக்கலாம், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். என் பெயரை ஒரு தடவை கூப்பிட்டார். அவ்வளவுதான். அப்போதும் பிசகாமல்தான் கூப்பிட்டார்.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தது நான். கத்தி, துடைப்பத்தை வீசி, அதை விரட்டினேன். கம்பியையும் எலும்பையும் சாக்கில் போட்டேன். மரப்பட்டையில் கம்பி அறுத்த தழும்பை என்ன செய்ய முடியும், அதைத்தான் நீங்கள் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். ருவான் வந்து சேர்ந்தபோது நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடிப்பு இல்லை. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அன்றைக்கு விசாரணை, ஆலோசனை எதுவும் நடக்கவில்லை. வெர்மாக் அம்மா தொலைபேசியில் பேசிய பத்தாவது நிமிடத்தில் அனுமதி வந்துவிட்டது. ஒனலென்னாவுக்காக ஆறு வாரம் உட்கார்ந்து எழுதியவர்கள், விருந்தாளி என்றதும் நாலு மணி நேரத்தில் முடித்தார்கள். தடம் பார்த்து ருவானைக் கூட்டிப்போனது நான்தான். ரொம்ப தூரம் போகவில்லை அது. ஒரு முள்மர நிழலில் படுத்திருந்தது, எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. இரண்டு குண்டு. கிட்டே போய்ப் பார்த்தேன். விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. இதையா இத்தனை நாள் நினைத்து நினைத்துத் தூங்காமல் கிடந்தோம் என்று தோன்றியது. நிம்மதி வரும் என்று பார்த்தேன், உடனே வரவில்லை. கொஞ்ச நாளாகும் போலிருக்கிறது.

டிரோ வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அக்காவுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். அந்த ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

நான் மனசு உடைந்திருப்பேன் என்று, பாதையைப் படித்துச் சொல்ல வனத்துறையினர் அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வளைவில் அவன் மண்டியிட்டு ரொம்ப நேரம் பார்த்ததை நானும் கவனித்தேன். அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தான். கொடுத்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தான், குடிக்கவில்லை.

"மச்சான், அந்த வளைவுல இருபது அடிக்கு வண்டுகூட நடக்கலையே."

உங்களுக்கு இது புரியாது, ஐயா, சொல்கிறேன். எங்கள் மணலில் ராத்திரி முழுக்க நடமாட்டம்தான். வண்டு, சுண்டெலி, பல்லி, தேள் எல்லாம் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். சாயங்காலம் பெருக்கிய மணல் விடிகாலையில் பிள்ளைகள் கிறுக்கிய பலகை மாதிரி இருக்கும். ஒன்றுமே இல்லாத மணல் என்று விடிகாலையில் கிடையாது. இருந்தால் அதை யாரோ அப்போதுதான் பெருக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷமாக மணலைப் படித்தவன், சிங்கத்தை அழிக்கிற அவசரத்தில் வண்டையும் சேர்த்து அழித்துவிட்டேன். வேறு யார் பார்த்திருந்தாலும் பாதை சுத்தமாக இருந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். படிக்கக் கற்றுக்கொடுத்தவனையே அவன் படித்துவிட்டான்.

காற்றாக இருக்கும் என்றேன். இருபது அடிக்கு மட்டும் அடிக்கிற காற்றா என்று கேட்டான். அப்புறம் பேச்சை நான் எதிர்பார்க்காத பக்கம் கொண்டுபோனான்.

"அக்கா ஒரு நாளும் உன் வார்த்தை இல்லாம வேலிக் கதவைத் தொட்டவ இல்ல. பொறந்ததுலேர்ந்து அவளை எனக்குத் தெரியாதா? ஜூலையில அன்னைக்கு நீ பாதை பாத்தியா, மச்சான்?"

நான் அவன் வைத்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து போனான். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான்.

அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஜூலையில் அன்று காலை நான் பாதைக்குப் போகவில்லை. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். குளிர் அப்படி. அந்த மாதம் முழுக்கப் பாதையில் நரியும் முள்ளம்பன்றியும் தவிர வேறு எதுவும் வந்திருக்கவில்லை, பத்து நிமிடம் தாமதமாகப் போனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன். அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டே கதவருகில் வந்து நின்று, பாதை பாத்தாச்சா என்று கேட்டாள். பாத்தாச்சு, போ என்றேன். என் கஞ்சியில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுவிட்டுப் போனாள். அப்புறம் நான் போய்ப் பார்த்தபோது மணலில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. உள்ளே போன தடம் மட்டும். சின்னப் பிள்ளைகூடப் படித்திருக்கும்.

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை அப்படிப் பார்க்காதீர்கள். டிரோ யூகித்து உங்களிடம் சொல்லியிருப்பான். நீ அவளைப் போகச் சொன்னதை அன்றைக்கே ஒப்புக்கொண்டிருந்தால் அந்தச் சிங்கத்தை அன்றைக்கே சுட்டிருப்பார்கள், அந்த டென்மார்க் அம்மா இன்று உயிரோடு இருந்திருப்பார், விசாரணையில் பொய் சொல்லிப் பழியை அக்கா தலையில் கட்டிவிட்டாய் என்று. நான் பொய் சொல்லவில்லை, ஐயா. அவர்கள் கேட்டது ரேடியோவைப் பற்றி. விதி எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ரேடியோவில் சொன்னால்தான் அறிவித்ததாக அர்த்தம். அவளிடம் நான் வீட்டில்தான் சொன்னேன்.